நடந்தால் முட்டி வீங்குகிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது

கேள்வி: எனக்கு 44 வயது, உயரம் 155 செ.மீ. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே மிஷின் வைத்துத் தைக்கிறேன். இரண்டு கறவை மாடு இருக்கிறது. 10 மாதத்துக்கு முன்பு மழை நாளில் மாட்டுக் கொட்டகையில் சாணியில் வழுக்கி வலது முட்டி திருகிக்கொண்டது. ஸ்கேன் எடுத்ததில் உள்பக்க ஜவ்வு கிழிந்திருக்கிறது, லேசாகத் தேய்மானமும் இருக்கிறது என்றார்கள். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடிபடும்போது 69 கிலோ இருந்தேன், இப்போது 78. நடந்தால்தான் இறங்கும் என்கிறார்கள் எல்லோரும். நடந்தால் ராத்திரி முட்டி வீங்குகிறது. வலி தாங்காத நாளில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். இரண்டு வேளையும் களி, காலையில் கொள்ளுத் தண்ணீர் என்று முயன்றேன், பலன் இல்லை. மகளின் பள்ளிக்கூட சைக்கிள் சும்மா கிடக்கிறது, அதை ஓட்டலாமா? முட்டிக்கு உறை போடலாமா? தீர்த்தமலை ஏறுவதாக ஒரு வேண்டுதலும் பாக்கி இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்தால்தான் எடை குறையும், எடை குறைந்தால்தான் நடக்க முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் 10 மாதத்தைக் கழித்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில் நடக்கிற வேலை. முட்டி தேறுவது தொடைத் தசையில் நடக்கிற வேலை. இந்த இரண்டையும் தொடங்க நடைப்பயிற்சி தேவையே இல்லை. அது மூன்றாவதாக, மெதுவாக வந்து சேரட்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் எடையில் ஒருவர் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. ஏறிய 9 கிலோவும் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. அதை 300 நாளுக்குப் பங்கு போட்டால் தினமும் 230 கலோரிதான் கூடுதலாகப் போயிருக்கிறது. நீங்கள் வாரிச் சாப்பிட்டதால் எடை ஏறவில்லை. ஓடியாடிச் செய்த வேலை நின்றது, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. தைக்கும்போது வரும் டீயும் கூடவே வரும் இரண்டு பிஸ்கட்டும் இந்த 230-ஐத் தாராளமாக நிரப்பிவிடும். அதை முட்டி வீங்க வீங்க நடந்துதான் கரைக்க வேண்டுமா, சொல்லுங்கள்.

இப்போது முட்டிக்கு வருகிறேன். கால் தரையில் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அடிபடுவது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு. குழாயில் வைக்கிற வாஷர் மாதிரி எடையைத் தாங்கிப் பரப்பிவிடுவதுதான் அதன் வேலை. அதன் வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், உள் ஓரத்துக்குக் கிடையாது. அதனால் உங்கள் வயதில் கிழிந்த ஓரம் தானாக ஒட்டுவது அரிது. ஆனால் ஒட்டாமலேயே வலி அடங்கிவிடும், நிறைய பேருக்கு அப்படித்தான் ஆகிறது. நடுத்தர வயதில், தேய்மானத்தோடு சேர்ந்து வரும் கிழிசலுக்கு ஒழுங்கான தசைப் பயிற்சியும் அறுவை சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொல்லிவிட்டன. உங்கள் டாக்டர் சொன்னது சரி. "எடையைக் குறையுங்கள்" என்பதோடு "தொடையை வளருங்கள்" என்றும் சொல்லியிருக்கலாம்.

காரணம் இதுதான். முட்டியில் நீர் கோத்தால் தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் உத்தரவை உடம்பே குறைத்துவிடுகிறது. அடிபட்ட இடத்தை அசைக்காமல் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு அது. முதல் சில நாளைக்கு அது நல்லது. மாதக்கணக்கில் போனால் தசை மெலிந்துவிடும். மெலிந்த தசையால் முட்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. அடி வைக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேராக மூட்டில் இறங்கும், மறுபடி நீர் கோக்கும். நடந்த அன்று ராத்திரி வீங்குவது இதனால்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்தே பாருங்கள். தையல்காரருக்கு இன்ச் டேப் எடுத்துத் தர வேண்டியதில்லை. கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி உட்காருங்கள். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து தொடைப் பக்கமாக 4 அங்குலம் அளந்து சாக்பீஸால் ஒரு கோடு. இரண்டு காலிலும் அதே இடம். அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றி, ரவிக்கைக்கு அளவெடுக்கிற இறுக்கத்தில், சதையை அமுக்காமல் படியுங்கள். வலது தொடை அரை அங்குலம், முக்கால் அங்குலம் குறைவாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த எண்ணை ஆர்டர் நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். கூடவே தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது 31½ அங்குலத்தைத் தாண்டினால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வழி திறக்கிறது என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை இந்த மூன்று எண்ணையும் எடுத்தால் போதும். எடை மெஷினில் வாரம் ஒரு நாள், ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில். தினமும் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி என்று ஏழெட்டு சொல்லலாம், சொன்னால் எதையும் செய்ய மாட்டீர்கள். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி வலது முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் அந்தத் துண்டை அழுத்துங்கள். குதிகால் வேண்டுமானால் லேசாக எழும்பட்டும். முட்டிச் சில்லுக்கு மேலே, உள்பக்கமாக இரண்டு விரலை வைத்துக்கொண்டே அழுத்துங்கள். இடது காலில் அந்த இடம் கல் மாதிரி திரளும். வலது காலில் முதல் வாரம் மெத்தென்றுதான் இருக்கும், விரலுக்கு அடியில் ஏதோ நடுங்குகிற மாதிரிகூடத் தெரியும். அந்த இடம்தான் நமக்கு வேண்டும். அழுத்தி 5 வரை எண்ணி விடுங்கள். 10 தடவை, அப்படி காலை, மதியம், இரவு. மூச்சை அடக்காதீர்கள். விரலுக்கு அடியில் கெட்டிப்படத் தொடங்கியதும் அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது மல்லாந்து படுத்து, இடது முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு, வலது காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்குவது. தூக்கும்போது முட்டி மடங்கினால் இன்னும் முதல் பயிற்சியிலேயே இருக்க வேண்டும் என்று அர்த்தம். அதே படுக்கையில் இரண்டு முட்டியையும் மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பை மேலே தூக்குங்கள். இது பிட்டத் தசைக்கு. முட்டி உள்பக்கமாகச் சாயாமல் பிடிப்பது அந்தத் தசைதான், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் நாற்காலி. கை வைக்காத உயரமான நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காருங்கள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, எடையை இரண்டு காலிலும் சமமாக வைத்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், 3 எண்ணி இறங்குங்கள். இறங்கும் அந்த மூன்று எண்ணிக்கையிலும் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. 10 தடவை, சற்று ஓய்வு, மறுபடி 10. சுலபமாகிவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு 4 நாள் போதும். தசை வளர்வது ஓய்வு நாளில், அதனால் தினமும் செய்து தீர்க்க வேண்டியதில்லை.

வலி எவ்வளவு வரை தாங்கலாம்? 10-க்கு மார்க் போடுங்கள். செய்யும்போது 3, 4 வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் எழும்போது முட்டி முந்தின நாள் மாதிரியே இருக்க வேண்டும், அதுதான் அளவு. வீக்கமோ வலியோ கூடியிருந்தால் அன்றைக்குச் செய்ததைப் பாதியாக்குங்கள். நிறுத்திவிடாதீர்கள். வலித்தால் நிறுத்துவது, வலி நின்றால் மொத்தமாகச் செய்வது, இப்படித்தான் பலர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றுகிறார்கள்.

மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை கொடுக்க வேண்டுமே என்றால், அதை உட்கார்ந்தே கொடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை நிரப்பினால் கைக்கு ஒரு கிலோ. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் குத்து விடுகிற மாதிரி மாற்றி மாற்றி அரை நிமிடம், அப்புறம் அரை நிமிடம் ஓய்வு. இப்படி 10 நிமிடம். வேடிக்கையாகத் தெரியும், 5-வது நிமிடத்தில் வியர்க்கும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் இந்த அளவு அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் அது 150தான். முட்டி வலிக்கு நீச்சல் நல்லது என்று எல்லோரும் எழுதுவார்கள். உண்மைதான். நம் பக்கத்தில் பெண்கள் எந்தக் கிணற்றில், எந்த நேரத்தில் போய் நீந்துவது என்று அவர்கள் எழுதுவதில்லை. அதை விட்டுவிடுவோம்.

சைக்கிள் உங்கள் கையில் இருக்கும் நல்ல கருவி. சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது, முட்டி மடங்கி நீளும் வேலை மட்டும் நடக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை நம் பிள்ளைகள் எப்படி வைத்திருக்கிறார்கள்? இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் மிதித்தால் முட்டி நெஞ்சுக்கு வரும், கிழிந்த ஜவ்வின் பின்பக்கம் நசுங்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக வர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். அதுதான் சரியான உயரம். சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனர் வேலைதான். ஆனால் அந்த உயரத்தில் கால் தரையில் எட்டாது, விழுந்தால் வந்ததெல்லாம் வீண். அதனால் பின் சக்கரம் தரையில் படாமல் சுற்றுகிற ஸ்டாண்டு இருந்தால், திண்ணைப் பக்கம் நிறுத்தி, திண்ணையிலிருந்து ஏறி, ஜன்னல் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மிதியுங்கள். முதல் வாரம் 5 நிமிடம். முட்டி சம்மதித்தால் வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டி 20 வரை போகலாம். ரோட்டில் ஓட்டுவது பிறகு, அதுவும் மேடில்லாத பாதையில், பழகிய கையாக இருந்தால் மட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பால் கறக்க இரண்டு வேளையும் குத்தவைத்து உட்காருகிறீர்கள் அல்லவா? உங்கள் முட்டிக்கு நாள் முழுவதிலும் மிக மோசமான நேரம் அதுதான். அவ்வளவு ஆழமாக மடங்கும்போது ஜவ்வின் பின்பகுதி எலும்புகளுக்கு நடுவில் அகப்படும், பெரும்பாலும் கிழிவதும் அந்தப் பகுதிதான். பயிற்சியில் சம்பாதித்ததைக் கொட்டகையில் செலவழித்துவிடாதீர்கள். ஒரு முக்காலி போட்டு, வலது காலை நீட்டி வைத்துக் கறங்கள். மாடு உதைக்கிற ரகமாக இருந்தால் மூன்று மாதத்துக்கு வீட்டுக்காரரையே கறக்கச் சொல்லுங்கள், அவருக்கும் முட்டி இருக்கிறது என்பார், பரவாயில்லை. கொட்டகைத் தரையில் சாணித் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டுவது இன்னொரு அவசியம். கழிப்பறையில் குந்தி உட்காருவதும் இதே கணக்குத்தான். மேலே வைக்கும் நாற்காலி போன்ற பிளாஸ்டிக் கமோடு மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தையல் மிஷின் பெடல் மிதிப்பதில் கெடுதல் இல்லை, அந்த மெல்லிய அசைவு நல்லதுகூட. ஸ்டூல்தான் தாழ்ந்திருக்கும், முட்டி இடுப்பை விட மேலே இருக்கும். ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நின்று காலை நீட்டி மடக்குங்கள்.

முட்டி உறை போடலாம். பஸ்ஸில் போகும்போது, கூட்டத்தில் நிற்கும்போது அது ஒரு தைரியம். நாள் முழுவதும் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். கிழிந்த ஜவ்வை அது ஒட்ட வைக்காது. இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைக்கும் கட்டும் உங்களுக்கு உதவாது, தொடை இன்னும் மெலியும்.

மெடிக்கல் மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. அட்டையை வெட்டி, பெயர் தெரியாமல் கவரில் போட்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று தருவார்கள். அதில் வலி மாத்திரை இருக்கும், கூடவே ஒரு சின்ன மாத்திரையும் இருக்கும். அந்தச் சின்ன மாத்திரை சில சமயம் ஸ்டீராய்டாக இருக்கிறது: டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை. போட்டால் வலி மாயமாகப் போகும். பசி கூடும், உடம்பில் நீர் தங்கும், முகம் உப்பும், எடை ஏறும், ரத்தத்தில் சர்க்கரையும் ஏறும். நீங்கள் எவ்வளவு களியைக் குறைத்தாலும் அது மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருக்கும். இனிமேல் அட்டையோடு வாங்குங்கள், பெயரைப் படியுங்கள், பில் கேளுங்கள். ஒருவேளை வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வெறும் வலி மாத்திரை என்றாலும் மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதலும் வரும். டாக்டரைப் பார்க்கப் போகும்போதே தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். 44 வயதில் எடை ஏறும் பெண்ணுக்கு இரண்டும் பார்க்க வேண்டியவை.

இனி சாப்பாடு. களியைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களிடம் குறை சொன்னால் கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் எடை விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், 320 முதல் 350-க்குள். கேழ்வரகின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து, அரிசியை விட அதிக நார்ச்சத்து, சாப்பிட்டால் மதியம் வரை பசி எடுக்காது. அதனால் களி சாப்பிடுங்கள், உருண்டையைத்தான் பாருங்கள். ஏர் ஓட்டிவிட்டு வந்தவருக்குப் போட்ட உருண்டையை மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர் சாப்பிடக் கூடாது. உங்கள் கை முஷ்டி அளவு ஒரு உருண்டை, தட்டில் மீதி இடமெல்லாம் கீரைக் கடைசலும் பயறும். இரண்டு வேளை வேண்டாம், ஒரு வேளை போதும்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று ஊற வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். மாடு புத்திசாலி. கொள்ளில் கொழுப்பைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, அதுதான் விஷயம். அந்தப் புரதம் தண்ணீரில் வராது, கொள்ளை மென்று தின்ன வேண்டும். எடையைக் குறைக்கும்போது புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். நாம் தொடையை வளர்க்கப் பாடுபடும்போது அது நடக்கலாமா? உங்களுக்கு ஒரு நாளைக்கு 60, 70 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். காலையில் இரண்டு முட்டை, மதியம் ஒரு பெரிய கிண்ணம் கொள்ளுக் கடைசல் அல்லது அவரைக்கொட்டைக் குழம்பு, குழம்பை விடக் கொட்டை அதிகமாக. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் வேக வைத்த தட்டைப்பயறு. இரவு ஒரு டம்ளர் மோர், ஞாயிற்றுக்கிழமை கோழியோ மீனோ, வறுக்காமல் குழம்பாக. சொந்தப் பாலிலிருந்து வீட்டுக்கென்று அரை லிட்டர் எடுத்துவையுங்கள், முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட வேண்டாம். நிலக்கடலை நல்லதுதான், ஆனால் 100 கிராமில் 550 கலோரிக்கு மேல், அதனால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

எண்ணெய், சர்க்கரை இரண்டையும் அளந்து பழகுங்கள். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு 5 டீ என்றால் அதுவே 180 கலோரி பக்கம், பாலைச் சேர்க்காமல். டீயை நிறுத்தச் சொல்லவில்லை, தைப்பவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. இரண்டு டீ, அரை ஸ்பூன் சர்க்கரை. மற்ற நேரம் மோர். ராத்திரிச் சாப்பாடு 9½ மணிக்கு சீரியல் முடிந்த பிறகு என்றால் அதை 7½-க்கு மாற்றுங்கள். மாம்பழக் காலத்தில் நம் பக்கத்தில் யாரையும் தடுக்க முடியாது. செந்தூராவோ பெங்களூராவோ நடுத்தரப் பழம் ஒன்று சுமார் 120 கலோரி. சாப்பாட்டுக்கு மேல் ஒன்று என்று வேண்டாம், சாயங்காலத் தீனிக்குப் பதிலாக ஒன்று சாப்பிடுங்கள்.

இப்படிச் செய்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை இறங்கும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். சின்ன எண் என்று தோன்றினால் இதையும் கேளுங்கள்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் ஏறும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. உங்களுக்கு 8 கிலோ போனால் வலியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டி வலி என்று யார் வந்தாலும் நம் மாவட்டத்தில் நான் கேட்கும் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு கழுத்து, முதுகு, முட்டி என்று இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். உங்களுக்கு ஒரு முட்டி, அதுவும் திருகிய பிறகு வந்த வலி, அதனால் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், காலையில் முதுகும் கழுத்தும் இறுகியிருக்கிறது என்றால், டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டும்போது இன்னும் செறிவாகும். கூட்டுக் குடிநீரைக் குடிப்பதற்கு வைத்துக்கொண்டு போரை மாட்டுக்கும் துவைக்கவும் விடுங்கள்.

நடை எப்போது? நாற்காலியில் ஒரு தலையணை கூட இல்லாமல் 10 தடவை எழுந்து உட்கார முடிகிற அன்றைக்கு. பள்ளிக்கூட மைதானம் மாதிரி சமமான மண் தரையில் 7, 8 நிமிடம், காலையும் மாலையும். தார் ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும், அது வேண்டாம். ஒரு பக்கம் தேய்ந்த ரப்பர் செருப்பும் வேண்டாம், பின்பக்கம் பிடிக்கும் ஷூ வாங்குங்கள். வெட்கப்படாமல் கம்பு ஊன்றலாம், வலது முட்டிக்கு இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் கீழே.

இதையெல்லாம் ஒரு முறை நேரில் சரி பார்த்துக்கொள்ள வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அது முக்கியமாக நடமாட முடியாதவர்களுக்கு, ஆனால் உங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலரிடம் விசாரித்தால் அருகில் எந்த நாளில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துவிடும்.

முட்டி மடங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கும்போது திடீரென்று கைவிட்டு விழப் பார்த்தால், காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்கினால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் இரண்டுக்கு ஆபரேஷன் பேச்சு மறுபடி வரலாம். கடைசி இரண்டையும் காலை வரை தள்ளிப்போடக் கூடாது.

தீர்த்தமலை இந்த வருடம் வேண்டாம். ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டிக்குச் சுமை, அங்கே பாதியில் உட்கார்ந்துகொண்டால் தூக்கி வர ஆள் தேட வேண்டும். அடிவாரக் கோயிலில் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வேண்டுதலைத் தள்ளி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. இரண்டு தொடையின் அளவும் கால் அங்குல வித்தியாசத்துக்குள் வந்து, ஒரு மாடிப் படியைக் கால் மாற்றிக் கால் வைத்து இறங்கி, மறுநாள் காலையில் முட்டி வீங்காமல் இருந்தால் அடுத்த வருடம் கிளம்புங்கள். விடிகாலையில் ஏறத் தொடங்கி, கையில் கம்போடு, இறங்குவதற்கு ஏறியதைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.